எதிர்வீட்டுத் தட்டு

பக்கத்து வீட்டில் அச்சு முறுக்கு சுடுகிறார்கள். தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் எண்ணெயில் பொரியும் வாசனை வந்ததும் என் மகள் அங்கே ஓடிவிட்டாள். எனக்கோ ராயபுரத்தில் என் ஏழு வயதில் வந்த கிறிஸ்துமஸ் நினைவுக்கு வந்துவிட்டது.

சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பலகாரம் சுட மாட்டார்கள். தெருக்காரர்கள்தான் தட்டில் கொண்டுவந்து கொடுப்பார்கள். அப்பா கடலுக்குப் போய் பதினெட்டு நாளாகியும் திரும்பவில்லை. தட்டோடு வந்தவர்களை அம்மா வாசலோடு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"எங்க வூட்ல யாரும் சாவல, எடுத்துக்கினு போ. கடலுக்குப் போனவனுக்குக் கரையில நாள் குறிக்காதீங்க."

கிறிஸ்துமஸ் அன்று காலை அம்மா காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு விசாரிக்கப் போயிருந்தாள். எதிர்வீட்டு மேரி அக்கா அச்சு முறுக்குத் தட்டோடு வந்தாள்.

"இன்னா கண்ணு, அம்மா இல்லியா? வாங்கிக்கோ. கொயந்தைங்க ஏங்கக் கூடாது."

வாங்கிவிட்டேன். நானும் தம்பியும் கை நிறைய எடுத்துத் தின்றோம். எங்கள் வீட்டுக்கும் பண்டிகை வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அம்மா வந்து தட்டைப் பார்த்தாள்.

"யார்டீ வாங்குனது?"

"நாந்தாம்மா. சூப்பரா கீது. உனுக்கும் ஒண்ணு வெச்சிருக்கேன்."

அவள் அடிக்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்து, நான் நீட்டிய முறுக்கை வாங்கி மெதுவாகக் கடித்தாள். வாயில் வைத்தபடியே அழ ஆரம்பித்தாள்.

நாங்கள் தட்டு வாங்கிய செய்தி பரவி, சாயங்காலத்துக்குள் தெருவே தட்டோடு வந்தது. அம்மா ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.