காரமடையில் பார்த்த பாதிப் படம்

போன ஞாயிற்றுக்கிழமை, ஆர்.எஸ்.புரத்தில் ஏதோ திரைப்படக் கழகமாம், மாதம் ஒரு பழைய படம் போடுவார்களாம் என்று என்னையும் என் மனைவியையும் மகள் இழுத்துக்கொண்டு போனாள். காமெடிப் படம்தான் என்றாள். போய் உட்கார்ந்தால், தாடி வைத்த ஒருவர் மைக்கைப் பிடித்து அரைமணி நேரம் பேசுகிறார். அந்தக் காலத்துக் கவர்ச்சிப் படங்களைச் சமூகம் எப்படிப் பார்த்தது என்பது பேச்சு. கவர்ச்சிப் படமாம்! எங்கள் காலத்தில் அதற்குப் பெயர் பலான படம். பார்க்கப் போகிறவன் முகத்தில் கர்சீப்பைக் கட்டிக்கொண்டு போவான். இவர்கள் குடும்பத்தோடு வந்து, பாப்கார்னைத் தின்றுகொண்டு நோட்டில் குறிப்பெடுக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விளக்கு அணைந்து முதல் காட்சி வந்ததும் தூக்கிவாரிப் போட்டது. போலி டாக்டர், மூன்று நர்சுகள், மாடிப்படியில் உருண்டு விழும் கம்பவுண்டர். அட கடவுளே, இது நான் காரமடையில் பார்த்த படம்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கோவையில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் ஃபிட்டர். சனிக்கிழமை வார விடுமுறை. கோவைத் தியேட்டருக்குப் போனால் எவனாவது சொந்தக்காரன் பார்த்துத் தொலைப்பான். காரமடை என்றால் ரங்கநாதர் இருக்கிறார். சனிக்கிழமையோ பெருமாளுக்கு உகந்த நாள். வீட்டில் ஒரு கேள்வி வராது. ஆனால் காலைக்காட்சி பார்த்த கண்ணோடு பெருமாளைப் பார்க்கக் கூச்சமாக இருக்காதா? அதனால் முதலில் கோயில், பிறகு படம். இந்த யோசனை எனக்கு மட்டும்தான் வந்தது என்று நினைத்தேன். உள்ளே போனால் பாதிப் பேர் நெற்றியில் நாமம்!

படம் சுத்த அறுவை. போஸ்டரில் இருந்த ஒன்றும் படத்தில் இல்லை. பின்னாலிருந்து ஒருவர், "ஏனுங் ஆபரேட்டரே, பொட்டிய மாத்திப் போட்டுட்டீங்ளா?" என்று கேட்டார். வயிறெரியும்போதும் 'ங்க' விடாத ஊர் எங்கள் ஊர்.

இடைவேளையில் விளக்கைப் போட்டார்கள். முன்வரிசைக்காரர் திரும்பினார். அவர் நெற்றியிலும் நாமம். மேட்டுப்பாளையத்துப் பாக்கு மண்டிக்காரர். முந்தின வாரம்தான் அவர் மகளைப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தோம். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பியிருந்தார். எனக்கோ, அந்தப் பெண் காபியைக் கொடுத்துச் சர்க்கரை போதுமா என்று கேட்டதிலிருந்து வேறு நினைப்பே இல்லை. போச்சு, எல்லாம் போச்சு. இந்தக் கேடுகெட்ட படத்துக்காக அவளைத் தொலைத்தேனே என்று அழுகையே வந்துவிட்டது.

அவர் எழுந்தார். நானும் எழுந்தேன். எதிர் டீக்கடை வரை நடந்தோம். டீ கிளாஸை வாங்கும்போதுதான் பார்த்தேன், தெரிந்தவர் யாராவது வருகிறார்களா என்று அவரும் ரோட்டின் இரண்டு பக்கமும் நோட்டம் விட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பெண் போய்விடுமே என்ற பயம். அவருக்கு மானம் போய்விடுமே என்ற பயம். கடைசியில் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"கோயில்ல கூட்டம் ஜாஸ்திங்ளா, மாப்ள?"

அதுவரை என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க மாமா. நல்ல தரிசனமுங்க."

அடுத்த ஆவணியில் கல்யாணம். ரங்கநாதர் சந்நிதியில் மாமனும் மருமகனும் பேசி முடித்த சம்பந்தம் என்று இரண்டு வீட்டிலும் பெருமை. அதற்கு நன்றி சொல்ல, முப்பத்தைந்து வருஷம் ஒவ்வொரு புரட்டாசிச் சனிக்கிழமையும் என் மனைவி என்னையும் மாமாவையும் காரமடைக்குத் தள்ளிக்கொண்டு போவாள். கூட்டத்தில் நசுங்கி நிற்கும்போது மாமா என்னைப் பார்ப்பார். நான் கோபுரத்தைப் பார்ப்பேன். ஒருநாளும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. அந்தத் தியேட்டர் பிறகு கல்யாண மண்டபமாகி, முறைக்கு அங்கேயே மூன்று விருந்து சாப்பிட்டோம். அப்போதும் பேசவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அதே படம் ஓடிக்கொண்டிருக்கையில் மனைவி என் பக்கம் சாய்ந்தாள்.

"ஏனுங்க, இந்தக் கருமத்த முன்னமே பாத்திருக்கீங்ளா? அந்தாளு உழுகறதுக்கு முன்னாலயே தலைல அடிச்சுக்கறீங்க."

இல்லை என்றேன்.

இரண்டாம் பாதியை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். ஒரு மண்ணும் இல்லை. அதே நர்சுகள், அதே மாடிப்படி. இதை விட்டுவிட்டு வந்தோமே என்று எத்தனை வருஷம் மனசுக்குள் மருகியிருப்பேன்! அவரும் மருகியிருப்பார். உடனே போன் போட்டு, "மாமா, நாம ஒண்ணையும் உட்டுப்போடலீங்க" என்று சொல்லக் கை துறுதுறுத்தது.

மாமா போய் இந்தத் தையோடு இரண்டு வருஷம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் அவர் மகள். இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?