காலராப் பிரசங்கத்தில் ஒரு கேள்வி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் திருச்சி தெப்பக்குளத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு வாசகசாலைக்கு நான் காரியதரிசி. சனிக்கிழமைதோறும் நிபுணர்களை அழைத்து, சமூகப் பிரச்சினைகளைப் பற்றி ஆளுக்குப் பத்து நிமிஷம் பேசச் சொல்வோம். ஒருவராவது பத்து நிமிஷத்தில் நிறுத்தியதில்லை. மணியடித்து எனக்குக் கை வலித்ததுதான் மிச்சம்.

ஒரு சனிக்கிழமை டாக்டர் ஒருவர் காலராவைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். "வாய்க்கால் தண்ணீரைத் தொடாதீர்கள், குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்" என்று முடித்தார். கைதட்டல் ஓய்ந்ததும், மண்டபத்தைப் பெருக்கக் காத்திருந்த மாரியாயி வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"எங்க ஆளுங்களைக் குழாயைத் தொட விடமாட்டேங்கிறாங்களே, நாங்க என்னங்க பண்றது? வாய்க்கால் தண்ணியைக் குடிச்சுத்தான் போன வாரம் என் தங்கச்சி செத்துப்போனா."

எனக்கு எரிச்சலாக வந்தது. "மெம்பர்கள்தான் கேள்வி கேட்கலாம்" என்று மணியை அடித்தேன்.

அவள் என்னையே பார்த்தாள். "அந்தக் குழாய் உங்க வீட்டு வாசல்லதாங்க இருக்கு."

கையிலிருந்த மணியை மேஜைமேல் வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை அவளை வரச் சொல்லிவிட்டு, குழாயருகே போய் நின்றேன். தெருவே கூடிக் கத்தியது. என் அண்ணன் என்னை வீட்டை விட்டுப் போகச் சொன்னார். நான் நகரவில்லை. மாரியாயி இரண்டு குடம் நிரப்பிக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

ஒரு வார்த்தை நன்றி சொல்லியிருக்கலாமே என்று அப்போது நினைத்தேன். தங்கையைப் பறிகொடுத்தவளிடம் அதை எதிர்பார்த்த என் மேல்தான் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது.