பாறைமேல் வைத்த பாதிப் பீப்பாய்

ரம்பம் பீப்பாயின் இடுப்பில் இறங்கியபோது ஒரு வாடை கிளம்பியது. மர வாடை இல்லை. மூக்குக்குள் போய்க் கரித்தது. மாட்டுக்குப் பிண்ணாக்குப் போட்டு வைத்த பீப்பாய்தானே, அந்த வாடையாக இருக்கும் என்று இருந்துவிட்டேன்...

எனக்கு ரெண்டாங்கிளாஸ் படிப்புதான். வாயால் பேசினால் போனே எழுதிக்கொள்ளும் என்று பேத்தி காட்டிக்கொடுத்தாள். படிப்புதான் குறைச்சல். ஞாபகம் குறைச்சல் இல்லை.

குன்றாண்டார்கோவில் பக்கம் சின்ன ஊர் எங்களுடையது. மாமனார் போன பிறகு வீட்டைப் பங்கு பிரித்தார்கள். கிணறு, தோட்டம், மாட்டுக்கொட்டில் எல்லாம் மூத்தவருக்கு. எங்களுக்கு மேற்குப் பக்கம். கொல்லைக் கதவைத் திறந்தால் வெறும் பாறை. மண்வெட்டியைப் போட்டால் நெருப்புப் பொறி பறக்கும்.

கடைசியாக மிஞ்சியது அந்த மரப்பீப்பாய். "மண்ணே இல்லாத பங்கு எனக்கு. இதையாவது குடுங்க" என்றேன்.

மூத்தவர் பெண்டாட்டி, என் ஓரகத்தி பாக்கியம், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அதெப்படி? அதுவும் பொதுவுல கெடந்ததுதானே. ரெண்டா அறுங்க."

அறுத்தார்கள். அடிப்பாதி எனக்கு. மூடியோடு மேல்பாதி அவளுக்கு. அதைக் கவிழ்த்து வைத்து மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி ஆக்கிக்கொண்டாள்.

"ஒனக்கு எதுக்குத்தா இது?"

"மல்லி வைக்கத்தான்க்கா."

"பாறையில பூந்தோட்டமா! பூக்கட்டும், நானும் ரெண்டு முழம் வாங்கிக்கிறேன்."

அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அந்த மல்லி, என்னைப் பெத்த ஆத்தா சாகும் முன்னே பதியம் போட்டுத் தேங்காய்ச் சிரட்டையில் வைத்துக் கொடுத்தது. தாய்ச்செடியை எங்கள் அண்ணன் வீடு கட்டுகிறேன் என்று வேரோடு வெட்டிவிட்டான். (அவனோடும் பேச்சு இல்லை. அது தனிக் கதை.) ஆத்தா கைபட்டு உயிரோடு இருந்தது உலகத்தில் இது ஒன்றுதான்.

கண்மாய் வண்டலைக் கூடையில் சுமந்து வந்து கொட்டினேன். மட்கிய சாணி போட்டேன். அடியில் ஓட்டை மட்டும் போடவில்லை. மாமியார் விடவில்லை. "வீட்டுச் சாமான்ல ஓட்டை போட்டா வீட்டுல சோறு தங்காதுடி."

செடி கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் இலை ஓரமெல்லாம் தீய்ந்தது. தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் ஊற்றினேன். இன்னும் தீய்ந்தது. ஒவ்வொரு கிளையாகப் போய்க் கடைசியில் ஒரே ஒரு பச்சைக் குச்சி நின்றது. அதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு மத்தியானம் பாக்கியத்தின் மயிலைப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு இங்கிட்டு வந்தது. இருக்கிற ஒரு குச்சியையும் கடித்துவிடுமே என்று கம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன்...

அது செடியைத் தொடவே இல்லை. பீப்பாய்ப் பலகையை நக்கிக்கொண்டு நின்றது. கண்ணை மூடிக்கொண்டு, கன்றை நக்குவது மாதிரி.

நானும் குனிந்தேன். பலகையில் நாக்கை வைத்தேன்.

உப்பு!

எங்கேயோ இருக்கிற கடல், எங்கள் பாறைமேல் அந்தப் பலகைக்குள் இத்தனை காலம் உட்கார்ந்திருந்திருக்கிறது. 

நேரே பாக்கியத்திடம் போனேன். "அக்கா, பீப்பா உப்பாக் கரிக்குதே?"

"கரிக்காம? மணமேல்குடி கடக்கரையில மீனை உப்புல ஊறப்போட்ட பீப்பாவுல்ல. மாமா வண்டியில கொண்டாந்தப்ப நாந்தான் கழுவுனேன்."

"செடி கருகுறதப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையே."

விடுவிடென்று திரும்பி வந்தேன். குச்சியை எடுத்து உடைந்த பானையில் வைத்தேன். பீப்பாயைக் காலி பண்ணி, இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அடியில் இறக்கினேன். மாமியார் கத்தினார்.

"சோறு போனா போகட்டும் அத்தை. எங்க ஆத்தா தங்கட்டும்."

ஐப்பசி மழை முழுக்க அந்தப் பீப்பாய்க்குள் பெய்து ஓட்டை வழியே ஓடியது. ஒவ்வொரு மழைக்கும் நக்கிப் பார்ப்பேன். கரிப்புக் குறைந்து குறைந்து, ஒருநாள் வெறும் மர ருசி. புது வண்டல் போட்டுக் குச்சியை நட்டேன்.

அடுத்த சித்திரையில் பூத்தது. சாயங்காலம் மொட்டு விரிந்தபோது எங்கள் ஆத்தா கொண்டை வாசம் அப்படியே வந்தது. புல் முளைக்காத பாறையில்! கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

பாக்கியமும் சுவருக்கு அங்கிட்டு நின்று மூச்சை இழுத்தாள். ரெண்டு முழம் வாங்கிக்கிறேன் என்றவள் வாய் திறக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

அவள் கேக்கலையே.

இப்போது பேத்தி சென்னையில் பிளாட்டுக்கு ஆன்லைனில் அரைப் பீப்பாய் வாங்கிப் போட்டோ அனுப்பினாள். "நல்லாருக்கா அப்பத்தா?"

"நக்கிப் பாத்தியா?"

"ச்சீ! அப்பத்தா!"

"அடியில ஓட்டை இருக்கா?"

"அவங்களே போட்டுத்தான் குடுத்திருக்காங்க."

பாருங்கள், இந்தக் காலத்தில் ஓட்டைகூட ரெடியாக வருகிறது. வசதிதான்... என் மல்லியில் ஒரு பதியம் போட்டு வைத்திருக்கிறேன் அவளுக்கு.

என் பீப்பாய் இப்போது இல்லை. பலகை உளுத்து ஒவ்வொன்றாக விழுந்தது. இரும்பு வளையமும் துருப்பிடித்து அற்றுப்போனது. மண் சரிந்துவிடும் என்று பயந்தேன். சரியவில்லை. வேர் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தப் பாதிப் பீப்பாய் உருவத்திலேயே மண் நிற்கிறது. பலகைத் தடம்கூட அதில் தெரிகிறது. நான் போட்ட ஓட்டை வழியே இறங்கிய வேர், பாறை வெடிப்புக்குள் போய்விட்டது. தினம் பார்க்கிறேன். தினமும் ஆச்சரியம் தீரவில்லை.

போன வாரம் பாக்கியம் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தாள். மூத்தவர் போனதிலிருந்து அவள் பூ வைப்பதில்லை.

"ஏத்தா... தலையில வைக்கத்தான் இல்ல. மோந்து பாக்கவாச்சும் கொஞ்சம் குடேன்."

கேட்டுவிட்டாள். இரண்டு கையும் நிறையக் கொடுத்தேன்.

அதனால் கோபம் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். பலகை போன பிறகும் மண் அப்படியே நிற்கிறதல்லவா... அதுவும் அப்படித்தான் நிற்கிறது. பூ பாட்டுக்குப் பூக்கிறது.