வெள்ளை விக் வைத்தவருக்கு ஒரு மாலை

வளைகுடாவில், முசஃபாவில் எங்கள் ஒர்க்ஷாப் எஞ்சினியர் வேல்ஸ்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் ஊர்க்காரர்கள் கூடும் விருந்துக்காக ஒரு பெரிய படத்தைக் கொடுத்து, ஹாலில் மாட்டச் சொன்னார். வெள்ளை விக், உப்பிய கன்னம், பட்டுக் கோட்டு.

"எஞ்சினியரோட பாட்டன் போலடா. சும்மாவா மாட்டுறது?" என்றான் என் ரூம்மேட்.

அதானே! பிளாஸ்டிக் முல்லை மாலை போட்டோம். சந்தனம் குழைத்து நெற்றியில் நானே பொட்டு வைத்தேன். ஊதுபத்தி வேறு.

விருந்தாளிகள் வந்தார்கள், ஆளுக்கொரு அழுகிய தக்காளியோடு. படத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள். எஞ்சினியருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். அது பாட்டன் இல்லையாம். பதினெட்டாம் நூற்றாண்டு முடிகிற காலத்துப் பண்ணையார். பார்லிமெண்டில் உட்கார்ந்து சட்டம் போட்டு, மேய்ச்சல் மலையை வேலி கட்டி வளைத்து, இவருடைய பாட்டன்மார் மாதிரி ஆட்டுக்காரர்களை விரட்டியவன். வருஷா வருஷம் அவனைத் தக்காளியால் அடிப்பது இவர்கள் கூட்டத்தின் வழக்கம். ஆனால் மாலையும் பொட்டுமாக நிற்பவன்மேல் எறிய யாருக்கும் கை வரவில்லை.

"மாலையைக் கழட்டிரட்டுமா சார்?" என்றான் ரூம்மேட்.

சிவகங்கைப் பக்கம் எங்கள் வீட்டுக்கும் ஆடுதான் சோறு போட்டது. எங்கள் மேய்ச்சல் புறம்போக்கையும் ஒருத்தன் இப்படித்தான் வளைத்தான்.

"ஆட்டுக்காரன் வயித்துல அடிச்சவனாடா நீ?" என்று படத்தைப் பார்த்துக் கத்தி, எஞ்சினியர் கையிலிருந்த தக்காளியைப் பிடுங்கி எறிந்தேன்.

நான் வைத்த பொட்டின் மேலேயே போய் விழுந்தது.