கிணற்றுக்குள் எரிந்த மெழுகுவத்தி

எட்டாம் வகுப்பில் காற்றுப் பாடம் வரும் அன்று மேசைமேல் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, அதன்மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்ப்பேன். சுடர் குறுகி, தள்ளாடி, அணையும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஆக்சிஜன் தீர்ந்தால் தீ நிற்காது என்று புத்தகத்தில் உள்ளதைச் சொல்லிவிடுவேன். அணையும் மெழுகுவத்தியைக் கண்டு எனக்குப் பயமில்லை. எரிகிற மெழுகுவத்தியைக் கண்டால்தான் பயம். அதற்குக் காரணம் எங்கள் ஜாகிரபி டீச்சர்.

பீளமேட்டில் நாங்கள் இருவரும் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். நான் அறிவியல், அவர் புவியியல். பூமியின் அமைப்பை நடத்தும்போது படம் வரைந்து மினக்கெட மாட்டார். பையிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து வகுப்பிலேயே உடைப்பார். ஓடு மேலோடு, பருப்பு கவசம், தண்ணீர்தான் கரு. தென்னந்தோப்புக் காங்கேயத்துக்காரிக்கு வேறென்ன கிடைக்கும் என்று ஆசிரியர் அறையில் கேலி செய்வோம். பாடம் முடிந்ததும் பூமியை ஆளுக்கொரு சில்லாகத் தின்றுவிடும் கூட்டத்தில் நானும் உண்டு.

அந்த வருஷம் பிள்ளைகளை ஒரு பஸ்ஸில் ஏற்றி, காங்கேயம் பக்கத்தில் இருந்த தன் தம்பியின் தோப்புக்கு அழைத்துப் போனார். நானும் துணைக்குப் போனேன். அங்கே பழைய கிணறு ஒன்று இருந்தது. சுவரைப் பார்த்தாலே பூமி அடுக்கடுக்காகத் தெரியும். மேலே செம்மண், அதற்குக் கீழே வெளிறிய சுண்ணாம்புக் கல், அதற்கும் கீழே ஈரம் படிந்த கருங்கல். மண்ணைச் சிவப்பாக்குவது இரும்பு என்றார். பிறகு பாறையைக் காட்டி, "இந்தக் கல்லுலயே கிட்டத்தட்டப் பாதி ஆக்சிஜன்தான் கண்ணுகளா. ஆனா ஒரு மூச்சுக்குக்கூட ஆகாது" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். அன்று ஒரு தென்னங்கீற்றுகூட அசையவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து லேசாக மண்ணெண்ணெய் வாடை வந்தது. அது எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

வாடைக்குக் காரணம் கிணற்றின் அடியில் இருந்த சின்ன மண்ணெண்ணெய் இன்ஜின். மழையில்லாமல் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனதால், டீச்சரின் தம்பி அதைக் கயிறு கட்டிக் கீழே இறக்கி, காலையெல்லாம் ஓட்டியிருக்கிறார். நாங்கள் போய்ச் சேருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அது நின்றுபோயிருந்தது. தென்னங்கன்றுகள் கருகுகின்றன, இறங்கி ஒரு இழு இழுத்துவிட்டு வருகிறேன் என்றார்.

"வெளிச்சம் எறக்கிப் பார்த்துட்டு எறங்கு சாமி" என்றார் அக்கா. அது அவர் தம்பிக்கு வெகுநாளாகச் சொல்லிவரும் விதி. வாளிக்குள் மெழுகுவத்தியை நட்டு இறக்கினார்கள். இன்ஜினுக்குப் பக்கத்தில் போய் நின்ற வாளிக்குள் சுடர் ஆடாமல் அசையாமல் எரிந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

எனக்குப் பதறிவிட்டது. "இன்ஜின் ஓடின எடத்துல இது செல்லாதுங்க. அந்தப் புகையில ஒரு வாயு இருக்குது, வாசமே இருக்காது, தீயையும் அணைக்காது, ஆளைத்தான் அணைக்கும். இன்னிக்கு எறங்க வேண்டாமுங்க" என்றேன். டீச்சர் முகம் மாறியது. "டேய், இரு, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். தம்பியோ படிக்கல்லில் கால் வைத்தபடி, என்னைப் பார்த்து, "அதுதான் எரியுதுல்லீங்க டீச்சர்" என்று மரியாதையாகச் சிரித்துவிட்டு இறங்கினார்.

இன்ஜின் பக்கத்தில் போய்க் குனிந்தார். அதைக் கிளப்பும் கயிற்றை ஒருமுறை இழுத்தார். பிறகு களைத்தவர்போல உட்கார்ந்தார். "தல சுத்துதுக்கா" என்ற குரல் மட்டும் மேலே வந்தது. அவ்வளவுதான்.

தோப்பில் வேலை செய்த இரண்டு பேர் சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தார்கள். தம்பியின் மனைவி தலைவிரிகோலமாக வந்தாள். அதற்குள் ஜாகிரபி டீச்சர் முதல் படியில் போய் நின்று, இரண்டு கைகளையும் விரித்து வழியை அடைத்துவிட்டார். "ஒருத்தரும் எறங்கக் கூடாது! போறவங்கள்லாம் அங்கயே உழுந்துருவீங்க. தீயணைப்புக்குப் போன் போடுங்க, கயித்தைப் போடுங்க, தழையைக் கயித்துல கட்டி எறக்கி ஆட்டிக் காத்தை அலசுங்க!" எல்லாம் செய்தோம். கயிறு தம்பியின் தோளைத் தொட்டது. பிடிக்கக் கை எழவில்லை.

"அண்ணி, உங்க கூடப் பொறந்தவருங்க... வழி உடுங்க!" என்று அந்தப் பெண் அவர் காலைப் பிடித்தாள். பிறகு அடித்தாள். டீச்சர் அசையவில்லை. தம்பியைப் பார்க்கக்கூடத் திரும்பவில்லை. திரும்பினால் தானே இறங்கிவிடுவோம் என்று பயந்திருப்பார். நான் அழும் பிள்ளைகளை மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

தீயணைப்பு வீரர்கள் முகமூடி மாட்டிக்கொண்டு இறங்கித் தூக்கியபோது உயிர் இல்லை. கடைசியாக வாளியை இழுத்தார்கள். மெழுகுவத்தி எரிந்துகொண்டுதான் வந்தது. பாவி!

கொடுமுடியில் ஆற்றங்கரைக் காரியத்துக்கு டீச்சரைப் பக்கத்தில் விடவில்லை. தடுத்தவளுக்கு இங்கே என்ன வேலை என்றார்கள். படித்துறையின் ஓரத்தில் அந்நியர்போல நின்றார். கொஞ்ச நாளில் வேலையையும் விட்டுவிட்டார். அன்று சட்டையைக் கழற்றிய இருவரும் இன்னும் அதே தோப்பில்தான் வேலை செய்கிறார்கள், பெண்டு பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறார்கள். அவர்களும் டீச்சரோடு பேசுவதில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

ஒவ்வொரு வருஷமும் காற்றுப் பாடம் வரும் சமயத்தில் தவறாமல் போன் செய்வார். இன்றும் செய்தார். வகுப்பு முடிந்து, பிள்ளைகள் போய், நான் விடைத்தாள்களோடு உட்கார்ந்திருந்தேன்.

"மெழுகுவத்தி பாடம் எடுத்துட்டீங்களா டீச்சர்?"

"எடுத்துட்டேனுங்க."

"எரிஞ்சாலும் எறங்கக் கூடாதுன்னு சொன்னீங்களா?"

"ரெண்டு தடவை சொன்னேனுங்க. எல்லாப் பிள்ளைங்களையும் திருப்பிச் சொல்ல வெச்சேன்."

பிறகு தாழ்ந்த குரலில், "அதை அணைச்சுப்போட்டீங்களா?" என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். இன்னொரு முறை காட்டச் சொல்லிப் பிள்ளைகள் ஏற்றவைத்த மெழுகுவத்தி, காலியான வகுப்பில், ஆடாமல் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.