தொண்ணூற்றிரண்டில் நின்ற முள்

எடை மெஷினின் முள் தொண்ணூற்றிரண்டில் போய் நின்றுவிட்ட அந்த மாதங்களில் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. உடம்பு இளைக்கவில்லை என்பதற்கெல்லாம் ஒருவன் ஆண்டவருக்குச் சாட்சி எழுதுவானா என்று நீங்கள் சிரிக்கலாம். வேறு யாராவது எழுதியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் அந்த முள் எண்பத்தைந்துக்கு இறங்கினால்தான் என் மனைவி ஸ்டெல்லாவுக்கு என் சிறுநீரகத்தைக் கொடுக்க முடியும். இறங்காவிட்டால் அவள் இல்லை. எனக்கு வேறு கணக்கு தெரியவில்லை.

என் பெயர் அந்துவான். புதுச்சேரியில், கடற்கரைக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கு ஸ்கூட்டர் வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறேன். உட்கார்ந்த இடத்துத் தொழில். சாவியைக் கொடுப்பது, சாவியைத் திரும்ப வாங்குவது, நடுவில் எதையாவது கொறிப்பது. அப்படியே நூற்று நான்கு கிலோ ஆகிவிட்டேன். எங்கள் தெருவில் குண்டு அந்துவான் என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள்.

ஸ்டெல்லாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய அப்பா அம்மா உயிரோடு இல்லை. ஒரே தம்பி, அவனுக்குச் சர்க்கரை. மிச்சம் நான்தான். என்னுடையது பொருந்துகிறது என்று ரிப்போர்ட் வந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தா என்றுகூடப் பார்க்காமல் முழந்தாள்படியிட்டேன். எழுந்து உள்ளே போனால் டாக்டரம்மா வேறு குண்டைப் போட்டார்.

“உங்க கிட்னி நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த வெயிட்டோட உங்கள டேபிள்ல படுக்க வெச்சா உங்களுக்கும் ஆபத்து, மிச்சம் இருக்கப் போற ஒரு கிட்னிக்கும் ஆபத்து. எண்பத்தஞ்சுக்குக் கொண்டு வாங்க. அப்புறம் பேசலாம்.”

உயிர்ப்புத் திருநாளான ஈஸ்டர் முடிந்த கையோடு ஆரம்பித்தேன். விடிகாலையில் எழுந்து தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகம் வரை நடப்பேன். படகுகள் வந்து, மீன் ஏலம் சூடுபிடிக்கும் நேரத்தில் அங்கே இருப்பேன். திரும்பவும் நடைதான். சோற்றைப் பாதியாக்கினேன். பிரியாணியை மறந்தேன். கடையில் மிக்சர் டப்பா இருந்த இடத்தில் மாதா படத்தை வைத்தேன். எடை மளமளவென்று இறங்கியது. ஆகஸ்டு மாதம் மாதா விண்ணேற்புத் திருநாளுக்குள் தொண்ணூற்றிரண்டு. கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போன பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டே பூசையில் நன்மை அப்பம் வாங்கினேன். நன்றி சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

அதோடு நின்றது.

முதல் வாரம் கவலைப்படவில்லை. இரண்டாவது வாரம் மெஷின் மேல் சந்தேகம் வந்தது. மருந்துக்கடை மெஷினில் ஏறினேன். அரிசி மண்டியில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறினேன். கடைசியில் துறைமுகத்தில் மீன் வியாபாரம் செய்யும் ஏழுமலையிடம் போய், அவருடைய எலக்ட்ரானிக் தராசிலும் நின்றேன். தினமும் நடக்கப் போய்ப் போய்ப் பழக்கமானவர். கூடையைத் தள்ளி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

“அதேதான் காட்டுது அண்ணே. கால்ல செருப்ப வேணா கழட்டிப் பாருங்க.”

கழற்றினேன். செருப்பின் எடைதான் குறைந்தது.

நடையைக் கூட்டினேன். இரவுச் சாப்பாட்டையே நிறுத்தினேன். தலை சுற்றியது. முள் அசையவில்லை. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன். ஒருநாள் பக்கத்து வீட்டில் அப்பளம் பொரித்த வாசனைக்கு ஸ்டெல்லாவைத் திட்டினேன், அவள்தான் பொரித்தாள் என்பதுபோல. அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

“இங்க பாருங்க,” என்றாள். “எனக்கு ஒண்ணு குடுக்கறேன்னு சொல்லிட்டு நீங்க முன்னாடி போயிடாதீங்க. அப்புறம் ரெண்டு பேருக்கும் யாரு சமைக்கிறது?”

அவள் சிரித்தாள். என்னால் முடியவில்லை. அந்த மாதம்தான் டயாலிசிஸுக்காக அவள் கையில் போட்டிருந்த இணைப்பு அடைத்துக்கொண்டது. கழுத்தில் குழாய் போட்டார்கள். குழாய் வழியாகத் தொற்று வந்து, ஒரு மதியம் கட்டிலே ஆடும்படி குளிர் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காய்ச்சல் இறங்கிய பிறகு டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இப்படியே ரொம்ப நாள் இழுக்க முடியாது, சார். சீக்கிரம் வாங்க,” என்றார். அவர் சொன்னது என் எடையை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று, என் வயிற்றை நானே பார்த்துக்கொண்டு அழுதேன்.

இங்கே எங்கள் அன்பியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து வீடு வீடாக ஜெபம் செய்யும் குழு அது. மாதா விண்ணேற்புத் திருநாளுக்கு மறுநாள் அவர்கள் எல்லோரும் கூடி, “அந்துவானுக்கு வெயிட் கொறையணும், ஸ்டெல்லாவுக்கு ஆபரேஷன் நடக்கணும்” என்று தினமும் சாயங்காலம் ஒரு வீட்டில் ஜெபமாலை சொல்ல முடிவு செய்தார்கள். நானும் ஒருநாள் தவறாமல் போனேன். அக்டோபர் வந்தது. எங்களுக்கு அது ஜெபமாலை மாதம். மாதாவின் சிலையான சுரூபம் வீடு வீடாகப் போகும், கூட்டமும் பெரிதாகும். இத்தனை பேர் எனக்காக வேண்டுகிறார்கள், முள் மட்டும் அப்படியே நிற்கிறது. ஆண்டவர் எங்கள் தெருவையே கைவிட்டுவிட்டார் என்று நினைக்க ஆரம்பித்தேன்.

ஒரு மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டுக் கோயிலுக்குப் போனேன். யாரும் இல்லை. பீடத்தில் இருக்கும் நற்கருணைப் பேழைக்கு முன்னால் உட்கார்ந்து, ஜெபமாகச் சொல்லவில்லை, சண்டையாகத்தான் சொன்னேன். “ஆண்டவரே, நான் செய்ய வேண்டியதை எல்லாம் செய்துவிட்டேன். குறைக்க உமக்கு மனசில்லை என்றால் விடும். ஏன் நிற்கிறது என்றாவது காட்டும். காரணத்தைக் காட்டாமல் இந்த வாசலை விட்டு நான் எப்படிப் போவேன்?” கத்திவிட்டேன் போலிருக்கிறது. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பயத்தோடு போன நான் பயத்தோடுதான் திரும்பி வந்தேன்.

அன்று சாயங்காலம் ஜெபமாலை மதாம் வீட்டில். அவர் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், இறந்துவிட்டார். பிரெஞ்சு பென்ஷன் வருகிறது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மதாம் என்றுதான் தெருவே கூப்பிடும். கை இறுக்கம் என்றும் தெருவே சொல்லும். எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. எங்கள் கல்யாணத்துக்கு வந்து, சாம்பாரில் உப்பு அதிகம் என்று என் மாமியாரிடமே சொன்னவர்.

ஜெபமாலை முடிந்தது. பாட்டும் முடிந்தது. எல்லோரும் காத்திருந்தோம். வழக்கமாக இந்த நேரத்தில் டீயும் பலகாரமும் வரும். மதாம் ஒரு தட்டில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டு வந்தார். உள்ளே சீரகத் தண்ணீர். அவ்வளவுதான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். காலையிலிருந்து அரை வயிற்றோடு இருந்தவன் நான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினேன். “இந்த வீட்ல இவ்ளோதான்” என்று முணுமுணுத்தது அவர் காதில் விழுந்துவிட்டது.

“நில்லு தம்பி,” என்றார் மதாம். “இன்னா மொறைக்கிற? ரெண்டு மாசமா ஒனக்கு வெயிட் கொறையணும்னு மாதாவக் கேக்கறோம். கேட்டு முடிச்ச கையோட ஒனக்கே கேசரியும் போண்டாவும் குடுக்கறோம். மாதா யாரு பேச்சக் கேப்பாங்க? நம்ம வாயையா, நம்ம தட்டையா?”

அன்பியத்தில் எங்களோடு ஜெபிக்கும் பிலோமினா அக்காதான் மெதுவாகச் சொன்னார்: “அவன் மெலிஞ்சி போயிட்டானேன்னு மனசு கேக்கல மதாம். அதான் நான் கேசரி ரெண்டு கரண்டி சேத்து வெச்சேன்.”

“நானும் பொட்டலம் கட்டிக் குடுத்தேன்,” என்றார் இன்னொருவர்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஒவ்வொரு வீடாக நினைவுக்கு வந்தது. கேசரி, பிளம் கேக், அச்சு முறுக்கு, சர்க்கரை தூக்கலாக டீ. வேண்டாம் என்றால் வருத்தப்படுவார்களே என்று ஒன்று, எனக்காக முழங்கால் வலிக்க ஜெபம் செய்கிறவர்களாயிற்றே என்று இன்னொன்று. வீட்டில் சாப்பிடுவதை மட்டும்தான் நான் சாப்பாடு என்று நினைத்திருந்தேன். ஜெபம் செய்த இடத்தில் தின்பதும் உடம்பில் ஏறும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. முள் நின்றதும் இந்த ஜெபக்கூட்டம் ஆரம்பித்ததும் ஒரே வாரம். மத்தியானம் நான் கேட்ட காரணத்தை ஆண்டவர் சாயங்காலமே காட்டிவிட்டார். எனக்குப் பிடிக்காத வாயால் காட்டினார், அதுதான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அந்தச் சீரகத் தண்ணீரைக் குடித்தேன்.

மறுநாளிலிருந்து எங்கள் அன்பியத்தில் ஜெபம் முடிந்தால் வெந்நீர்தான். மதாம் அதோடு விடவில்லை. உட்கார்ந்து சொல்லும் ஜெபமாலையை நடந்துகொண்டே சொல்லலாமே என்றார். சுரூபத்தை முன்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள, தெருத்தெருவாக நடந்தோம். முட்டிவலிக்காரர்கள்கூடப் பின்னால் வந்தார்கள். ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் அம்மாவிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, வீட்டில் பட்டினி கிடந்தது போதும் என்று முட்டை, குழம்பு மீன், சுண்டல் எல்லாம் சேர்த்து ஒழுங்காகச் சாப்பிடச் சொன்னார்.

உடனே இறங்கியதா? இல்லை. அதுதான் எனக்குப் பெரிய சோதனை. காரணம் தெரிந்த பிறகும் முள் அசையவில்லை. ஸ்டெல்லாவுக்கு மறுபடி குளிர் வந்தது. அவள் போர்வையைப் பிடித்துக்கொண்டே, “காட்டினவரு பாதியில விட்டுடுவாரா? போய் நடங்க,” என்றாள். நடந்தேன். நம்பிக்கையோடு நடந்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அவள் சொன்னதற்காக நடந்தேன். சில நாள் ஜெபம்கூட வரவில்லை. ‘மாதாவே, மாதாவே’ என்று மட்டும் வாய் சொல்லிக்கொண்டிருந்தது.

நவம்பரில் கல்லறைத் திருநாள் கழிந்து ஒரு காலை, ஏழுமலையின் தராசில் ஏறினேன். ஏலச் சத்தத்தில் அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. கிட்ட வந்து சொன்னார்:

“எறங்கிடுச்சி அண்ணே! தொண்ணூறு முக்கா.”

இறங்கி மறுபடி ஏறினேன். அதேதான். மீன் கூடைகளுக்கு நடுவில் சிலுவை போட்டுக்கொண்டேன். ஏழுமலையும் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

அதற்குப் பிறகு மெதுவாக, ஆனால் நிற்காமல் இறங்கியது. கிறிஸ்துமஸ் கேக்கைத் தொடவில்லை. பொங்கலுக்கு அடுத்த வாரம் டாக்டரம்மா முன்னால் எண்பத்தைந்தைத் தொட்டேன். அனுமதி எல்லாம் வாங்கி, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் முன் ஆபரேஷன் நடந்தது. கண் விழித்தபோது எனக்கு ஒரு பக்கம் முழுவதும் வலி. ஸ்டெல்லா வேறு அறையில். என்ன ஆயிற்றோ என்று கேட்கவே பயந்து கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். ஒரு நர்ஸ் வந்து என் காதருகில் குனிந்தார்.

“அண்ணா, அக்காவுக்கு யூரின் நல்லா வருது. பை ரொம்பிடுச்சி.”

ஒரு வருடத்துக்கும் மேலாக அவளுக்கு அது வரவே இல்லை. என் சிறுநீரகம் அவளுக்குள் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. தையல் வலிக்க வலிக்க அழுதேன். மனைவிக்குச் சிறுநீர் வந்ததற்காக ஆண்டவருக்குத் தோத்திரம் சொன்னவன் எங்கள் பங்குக் கோயிலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இன்று ஸ்டெல்லா நன்றாக இருக்கிறாள். மருந்து உண்டு, பரிசோதனை உண்டு, ஒரு தும்மல் போட்டாலும் எனக்குப் பயமும் உண்டு. என் எடை நடுவில் இரண்டு கிலோ ஏறி இறங்கியது. நடையை விடவில்லை. மதாமுக்கும் எனக்கும் இன்னும் வாரம் ஒரு சண்டை நடக்கிறது. ஆனால் என் ஜெபத்தில் ஸ்டெல்லாவுக்கு அடுத்த பெயர் அவருடையதுதான்.

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது எவ்வளவு முயன்றும் ஒன்று நகராமல் நின்றுபோயிருந்தால், கோயிலுக்குப் போய் ஏன் என்று கேளுங்கள். கோபமாகக் கேட்டாலும் ஆண்டவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். கேட்டுவிட்டு, பதில் யார் வாயில் வந்தாலும் காதைக் கொடுங்கள். நான் அன்று செருப்பை மாட்டிவிட்டேன். மதாம் இன்னும் ஒரு நிமிடம் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் தெருவில் இறங்கிப் போயிருப்பேன்.