ஓர்ஸ் ஹில்லில் கேட்ட கேள்வி

நிலாவெளிக் கடற்கரையில் மின்நிலையம் கட்ட வந்த கம்பனிக்கு எதிராக, கரைவலை இழுக்கும் மீனவர்களுக்காக நான் வழக்காடினேன். வழக்கு முடியும் முன்பே அதை வேறொரு சட்டத்தரணியிடம் ஒப்படைத்துவிட்டு, ஓர்ஸ் ஹில்லில் உள்ள பெரிய சட்ட நிறுவனமொன்றில் சேர்ந்தேன். அந்தக் கம்பனியும் அங்கே கட்சிக்காரர். அந்த வழக்கைத் தொடுவதில்லை என்பது நான் சேர்வதற்கான நிபந்தனை.

முதல் வாரத்திலேயே, என் பழைய கட்சிக்காரர்களில் ஒருவரான வலைச் சொந்தக்காரர் ரஹீம் நானா புது அலுவலகத்துக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன். அவர் நின்றபடியே கதைத்தார்.

"புது வேலை நல்லமா, மிஸ்?"

அதுவரை என்னைத் தங்கச்சி என்றே அழைத்தவர்.

"ஓம் நானா. இருங்களேன்."

"ஏலாத கட்டத்தில வலை இழுக்கிற இடத்தை விட்டுக் குடுப்பம் எண்டு உங்களிட்ட மட்டும் சொன்னனாங்கள். அதை இங்க சொல்லுவீங்களா?"

"சொல்ல ஏலாது நானா. சட்டம் விடாது."

"சட்டம் விட்டா?"

நானும் எழுந்து நின்றேன்.

"விட்டாலும் சொல்ல மாட்டன்."

அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

"கொஞ்சம் தண்ணி தாங்க, தங்கச்சி."

வேலைக்குச் சேரும் முன் நிறுவனத்தில் என்னிடம் பல கேள்விகள் கேட்டார்கள். சட்டம் விட்டால் என்ன செய்வேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுப் பார்த்திருக்கவில்லை.